கணவன் பட்ட கடன்

ஒரு குடும்பத் தலைவர் கழுத்தளவு கடனில் நிற்கிறார் என்ற செய்தி அவருடைய மனைவிக்கு எட்டுவது, பெரும்பாலும் ஊரில் மற்ற எல்லோருக்கும் எட்டிய பிறகுதான். கடைக்குச் சரக்குப் போட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதும், தண்டல்காரர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுப்பதும், பீரோவில் இருக்க வேண்டிய ஆரம் அடகுக்கடை ரசீதாக மாறியிருப்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவரும்போது, "உனக்கெதுக்கு இந்தக் கவலையெல்லாம், நான் பார்த்துக்கிறேன்" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த மனிதர் பேச வாயின்றிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சமயத்தில் வந்து சூழ்ந்துகொள்ளும் பந்துக்கள் இரண்டு யோசனைகளைத் தவறாமல் சொல்வார்கள். இருக்கிற நகையைக் கழற்றிக் கொடுத்து மானத்தைக் காப்பாற்று என்பது ஒன்று. வீட்டை உடனே உன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள் என்பது மற்றொன்று. இரண்டுமே பெரும்பாலும் துர்யோசனைகள் என்பது என் அபிப்பிராயம்.

கணவன் பட்ட கடனுக்கு, மனைவி என்ற ஒரே காரணத்தால் அவள் பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. பிறந்த வீட்டார் போட்டு அனுப்பிய நகையும் பாத்திரமும் அவளுடைய ஸ்திரீதனம். அதில் கணவனுக்கு உரிமை கிடையாது என்று பிரதிபா ராணி வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் ஐயமறச் சொல்லிவிட்டது. கணவன் காலமாகிவிட்டாலும்கூட, அவன் விட்டுப்போன சொத்து வாரிசுகளின் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் அவனுடைய கடன் அவர்களைத் தொடரும். தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை தீர்ப்பது தர்மம் என்று சாஸ்திரத்திலிருந்து நீதிமன்றங்களுக்குள் வந்து நின்ற பழைய கொள்கையையும், 2005-ல் ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்குப் பிந்திய கடன்களைப் பொறுத்தவரை பார்லிமெண்ட் ஒழித்துவிட்டது. ஆனால் இத்தனை பாதுகாப்பையும் ஒரே ஒரு கையெழுத்து தகர்த்துவிடும். ஜாமீன்தாரர் என்றோ, இணைக் கடன்தாரர் என்றோ அவள் பத்திரத்தில் ஒப்பமிட்டிருந்தால், 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி கடன் வாங்கியவனுடைய பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் அவளுடையதாகிறது; பணம் யாருடைய வியாபாரத்தில் கரைந்தது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மகளிர் குழுவில் மனைவி பெயரில் கடனை எடுத்து, சாயங்காலமே அதைக் கணவன் கையில் கொடுத்துவிடும் வழக்கம் நம் கிராமங்களில் எவ்வளவு சகஜம் என்பதை நினைத்தால், இந்த விதியின் கொடுமை விளங்கும்.

ஆகையால் முதலில் ஆக வேண்டிய காரியம் அழுகையுமன்று, அடகுமன்று, கணக்கு. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கணவரை எதிரில் உட்காரவைத்து, யாரிடம், என்றைக்கு, எவ்வளவு அசல், என்ன வட்டி, இதுவரை கட்டியது எவ்வளவு என்று எழுதி, அதற்கு அடுத்த பத்தியில் அந்த ஆசாமியிடம் எதைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதை அவசியம் எழுத வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டா, தொகை நிரப்பாத காசோலையா, வீட்டுப் பத்திரமா, மனைவியின் கையெழுத்தா என்ற அந்தப் பத்திதான் பின்னால் வழக்கு எந்தத் திசையில் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே இரவில் எல்லாம் வெளிவந்துவிடாது. வெட்கத்தினால் மறைத்த பெரிய தொகை, சின்னத் தொகைகள் எல்லாம் எழுதி முடிந்த பிறகே மெல்ல எட்டிப்பார்க்கும். அதற்காக அவரை மறுபடியும் ஊமையாக்கிவிடாமல் இருப்பதற்கு வேண்டிய பொறுமை சாமானியமானதன்று.

இந்தப் பட்டியலின் கூட்டுத்தொகை, இருக்கிற சொத்தையும் வரக்கூடிய வருமானத்தையும் விழுங்கிவிடும் என்று தெரிந்தால், திவால் மனு என்று சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரு வாசல் உண்டு. அதை நம் ஜனங்கள் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்", "ஐ.பி. போட்டுவிட்டான்" என்று ஏளனமாகத்தான் குறிப்பிடுவார்கள். 1906-ல் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதோடு போய், அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்கே போன நாளிலிருந்து, திவால் என்றாலே மோசடி என்ற எண்ணம் இந்த ஊரில் பதிந்துவிட்டதோ என்னவோ. சட்டத்தின் நோக்கம் அதுவன்று. சென்னை நகரத்துக்கு 1909-ம் வருஷத்துச் சட்டமும், மற்ற ஜில்லாக்களுக்கு 1920-ம் வருஷத்து மாகாண திவால் சட்டமும் இன்றைக்கும் வழங்குகின்றன. பின்னதன்படி, 500 ரூபாய்க்குக் குறையாத கடனைத் தீர்க்கச் சக்தியற்றவர், கடன் கொடுத்தவர்களின் ஜாபிதாவையும் தம் சொத்து விவரத்தையும் இணைத்து, மாவட்ட நீதிமன்றத்திலோ அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ மனுச் செய்யலாம். அவர் திவாலானவர் என்று உத்தரவாகிவிட்டால் அவருடைய சொத்து நீதிமன்றத்தின் வசமோ அது நியமிக்கும் ரிஸீவர் வசமோ போய், விற்று, எல்லோருக்கும் விகிதப்படி பங்கிடப்படும். அதுமுதல் ஒவ்வொருவரும் நீதிமன்ற அனுமதியின்றித் தனித்தனியே வழக்குப் போட்டு இழுத்தடிக்க முடியாது. அப்போதும் தொடக்கூடாத பொருள்கள் சில உண்டு. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, மதாசாரப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத ஆபரணம் ஆகியவற்றை சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. கடன்காரன் தாலியைக் கேட்டான் என்று கதைகளில் வருவதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

வீட்டை மனைவி பெயருக்கு மாற்றும் யோசனை துர்யோசனையாவது இந்த இடத்தில்தான். தகுந்த பிரதிபலன் வாங்காமல் செய்த சொத்து மாற்றத்தை, அது நடந்த இரண்டு வருஷத்துக்குள் திவால் மனு வந்துவிட்டால், நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். சொத்தும் போய், நேர்மையாக நொடித்தவர் என்ற பெயரும் போய்விடும். இதற்கு மாறாக, நல்ல காலத்திலேயே மனைவி மக்கள் பேரில் எடுத்துவைத்த ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸியை, ஏமாற்றும் எண்ணத்தோடு எடுத்ததாக இல்லாத பட்சத்தில், 1874-ம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் காத்து நிற்கிறது.

ஆனால் இந்தக் கடுதாசியைச் சர்வரோக நிவாரணி என்று எண்ணுபவர்களும் உண்டு, அவர்களும் ஏமாறுவார்கள். அடமானம் பிடித்தவருடைய உரிமை அப்படியே இருக்கும். திரும்பிவந்த காசோலைக்கான குற்ற வழக்கை மனு தடுக்காது. கணவனுக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன் போட்ட மனைவிக்குக் கிடைக்காது. விடுதலைக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். கடனில் ரூபாய்க்கு எட்டணா அளவுகூடச் சொத்துத் தேறாவிட்டால், அது தம் குற்றமன்று என்று நீதிமன்றத்துக்கு அவர் காட்ட வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்காதவர், சூதாடியவர், ஊதாரியாக வாழ்ந்தவர் ஆகியோரை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே கடிந்துகொள்கிறது. கைப்பேசியில் ரம்மி ஆடித் தொலைத்தவர் அதைப் படித்துப் பார்ப்பது நலம். விடுதலையாகாத நிலையில், தம் நிலைமையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் ஆறு மாதம் வரை சிறை. 50 ரூபாய்க்கு இன்று ஒருவேளைச் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம். 1920-ல் எழுதிய தொகையை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

மாற்றுவதாகச் சொல்லித்தான் 2016-ல் புதிய திவால் சட்டம் இயற்றினார்கள். ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாத, சொந்த வீடில்லாத ஏழைக்குக் கடனை அழித்துப் புதிய தொடக்கம் அளிக்கும் ஓர் அத்தியாயமும் அதில் இருக்கிறது. தனிமனிதர்களுக்கான அந்தப் பகுதியை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமுலாக்கிவிட்டு, ஏழையைக் காக்கவைத்தது நியாயமன்று என்றே நினைக்கிறேன்.

வாசலில் வந்து கூச்சலிடுகிறவர்களுக்குப் பயப்படத் தேவையில்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி வாங்குவது தமிழ்நாட்டில் 2003 முதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வங்கிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. கொடுக்கச் சக்தியற்றவனை அவனுடைய வறுமைக்காகவே சிறையில் தள்ளலாகாது என்று 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்திருக்கிறார், பணத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்ணைக் கைது செய்யவே சிவில் நடைமுறைச் சட்டத்தில் இடமில்லை. இவற்றையெல்லாம் எடுத்துப் பேச வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று வாசக சகோதரி தயங்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, பெண்ணாயிருந்தால் வருமானம் எவ்வளவானாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்திக் கொடுக்கும். அதன் அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. தொலைபேசி எண் 15100. கணக்கெழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.