டிவி கதையில் ஒரு தற்கொலை: பார்ப்பவர்களுக்கு என்ன ஆகிறது?

"கதைதானே, அதைப் பார்த்து யாராவது உயிரை விடுவாங்களா?" என்று ஒரு கட்சி. "டிவி பார்த்துத்தான் பசங்க கெட்டுப்போறாங்க" என்று இன்னொரு கட்சி. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

ஒரு தொடர் வந்த மாதத்தில் தற்கொலைகள் கூடினால், காரணம் தொடர்தான் என்று எப்படிச் சொல்வது? மனிதர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் மேற்கு ஜெர்மனியில் அப்படியொரு சோதனை தானாகவே நடந்தது. 1981-ல் இசட்.டி.எஃப் சேனல், தற்கொலை செய்துகொள்ளும் ஒரு பள்ளி மாணவனைப் பற்றி ஆறு பகுதித் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. 1982-ல் மறு ஒளிபரப்பு. ஷ்மிட்கே, ஹாஃப்னர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். கதையில் வந்த அதே முறையில் இறந்த 15 முதல் 19 வயதுப் பையன்களின் எண்ணிக்கை 175% வரை கூடியிருந்தது. வயது கூடக்கூட பாதிப்பு குறைந்தது; 40 தாண்டிய ஆண்களிடம் இல்லவே இல்லை. இரண்டு ஒளிபரப்புகளின் பாதிப்பும் அந்தந்த முறை பார்த்தவர்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனது.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால், பக் ஒரு தடவை வந்தால் தற்செயல் எனலாம். அதே கோடை மறுபடி ஓட்டும்போது திரும்ப வந்தால், அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஆனால் எல்லா வழக்கும் இவ்வளவு தெளிவு இல்லை. 2017 மார்ச் 31 அன்று நெட்ஃப்ளிக்ஸில் 'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்' வந்தது. அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதினரின் தற்கொலை விகிதம் 28.9% கூடியது என்றது ஓர் ஆய்வு. கதாநாயகி பெண், ஆனால் கூடியது பையன்களிடம். டேனியல் ரோமர் அதே தரவை மறுபடி ஆராய்ந்தார். பையன்களிடம் அந்த ஏற்றம் தொடர் வருவதற்கு முந்தைய மாதமே தெரிகிறது என்றார். விவாதம் இன்னும் முடியவில்லை. 2019-ல் நெட்ஃப்ளிக்ஸ் அந்தக் காட்சியையே நீக்கிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மோட்சார்ட்டின் 'மேஜிக் ஃப்ளூட்' ஓபராவில் பாபகேனோ சாகத் துணிகிறான்; மூன்று சிறுவர்கள் வேறு வழியை நினைவூட்ட, பிழைத்துக்கொள்கிறான். 2010-ல் ஆஸ்திரியப் பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்தவர்கள், சாக நினைத்து அதைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் குறைந்ததாகக் கண்டார்கள். அதற்கு 'பாபகேனோ விளைவு' என்று பெயர்.

ஆக, கேள்வி 'காட்டலாமா கூடாதா' இல்லை, 'எப்படிக் காட்டுவது' என்பதுதான். முறையை விவரித்துக் காட்ட வேண்டாம், மீண்டு வருபவர்களைக் காட்டுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் திரைத்துறையினரிடம் சொன்னது.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இப்படி ஒரு தொடர் பார்த்தால், ரிமோட்டைப் பிடுங்குவதைவிட பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "உனக்கு எப்பவாவது இப்படித் தோணியிருக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உங்களுக்கே அப்படித் தோன்றினால், டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.