தங்கப் பந்து யாருக்கு?
பத்திரிகையோடு மல்லுக்கட்டிய ரசிகர்கள்

பத்திரிகை ஆசிரியர் ஒரு முடிவு எடுக்கிறார். அது வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்வார்கள்? இரண்டு நாள் கோபிப்பார்கள்; மூன்றாம் நாள் மறந்து விடுவார்கள்.

ஆனால், கால்பந்து ரசிகர்கள் அப்படி அல்ல. முப்பது ஆண்டு ஆனாலும் மறக்க மாட்டார்கள்!

இதற்குச் சாட்சி, 1946-ல் தொடங்கப்பட்ட "பிரான்ஸ் புட்பால்" என்ற பிரெஞ்சுப் பத்திரிகை. சிறந்த ஆட்டக்காரருக்கு "தங்கப் பந்து" பரிசு கொடுப்பது இந்தப் பத்திரிகைதான். முதல் பரிசு 1956-ல் கொடுக்கப்பட்டது. ஐரோப்பிய நிருபர்கள் ஓட்டுப் போட்டார்கள். இங்கிலாந்து வீரர் ஸ்டான்லி மாத்யூஸ் 47 புள்ளிகள் பெற்று வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 41!

பெலேக்கு இல்லை

பரிசுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஐரோப்பிய நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். அதனால் பிரேசில் வீரர் பெலேக்குப் பரிசு இல்லை.

1986-ல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் மரடோனா. அவர் ஆடி வந்ததோ ஐரோப்பாவில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர அணியில். ஆனாலும், அந்த ஆண்டுப் பந்து சோவியத் வீரர் பெலனோவுக்குத்தான் போயிற்று.

"உலகமே புகழும் வீரனுக்கு இல்லாத பரிசு என்ன பரிசு?" என்பதுதான் ரசிகர்களின் கேள்வி.

1995-ல் நிபந்தனை தளர்ந்தது. ஐரோப்பிய அணிகளில் ஆடும் எந்த நாட்டவரும் பரிசு பெறலாம் என்று ஆயிற்று. அந்த ஆண்டே லைபீரியா வீரர் ஜார்ஜ் வியா பரிசைத் தட்டிச் சென்றார்.

பிற்பாடு, 60-வது ஆண்டு நிறைவின்போது, பத்திரிகையே பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தது. பழைய நிபந்தனை இல்லாதிருந்தால், பெலே 7 முறையும் மரடோனா 2 முறையும் வென்றிருப்பார்கள் என்று அச்சிட்டது!

பரிசே இல்லை!

2020-ல் வேறு விதமான சண்டை. கொரோனா காரணமாக அந்த ஆண்டு பரிசு கிடையாது என்று, ஜூலை 20-ந் தேதி பத்திரிகை அறிவித்தது. எல்லோருக்கும் சமமான வாய்ப்பு இல்லை என்பது அது சொன்ன காரணம்.

ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். ஐந்து பெரிய லீக் போட்டிகளில், பாதியில் கைவிடப்பட்டது பிரெஞ்சு லீக் ஒன்றுதான். மற்ற நான்கும் ஆடி முடிக்கப்பட்டன. ஜெர்மனியின் பேயர்ன் முனிச் அணி, ஆகஸ்டில் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையையும் வென்றது. அந்த அணியின் போலந்து வீரர் லெவன்டோவ்ஸ்கி, அந்தப் பருவத்தில் மட்டும் 55 கோல் போட்டிருந்தார்.

"பந்து அவருக்குத்தான்" என்று ரசிகர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். பந்தே இல்லை என்றால்?

மேடையில் மெஸ்ஸி

அடுத்த ஆண்டு, 2021-ல், மெஸ்ஸிக்கு 613 புள்ளி, லெவன்டோவ்ஸ்கிக்கு 580. பாரிஸ் நகர மேடையில் பரிசு வாங்கிய மெஸ்ஸி, 2020-ம் ஆண்டுப் பரிசுக்கு உரியவர் லெவன்டோவ்ஸ்கிதான் என்றும், பத்திரிகை அதை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ரசிகர்களின் குரலைப் போட்டியாளரே எடுத்துச் சொல்லிவிட்டார்!

அன்று லெவன்டோவ்ஸ்கிக்குச் "சிறந்த முன்வரிசை ஆட்டக்காரர்" என்ற புதுப் பரிசு ஒன்று கிடைத்தது. ஆனால் 2020-ம் ஆண்டுப் பந்து கிடைக்கவில்லை.

2022-ல் பத்திரிகை விதிகளை மறுபடியும் திருத்தியது. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்ற கணக்குப் போய், ஆட்டப் பருவக் கணக்கு வந்தது.

விதியைத் திருத்தலாம். ஆனால், நழுவிப்போன ஆண்டு ஆட்டக்காரனுக்குத் திரும்பி வருமா? அதனால்தான் ரசிகர்களின் கோபம் இன்னும் ஆறவில்லை. பந்தைக் கொடுப்பது பத்திரிகை. அதற்கு மதிப்புக் கொடுப்பது ரசிகர்கள் அல்லவா!