ஹோமியோபதி: உருண்டையும் ஒரு மணி நேரமும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்த அப்பாவின் இ.எஸ்.ஐ. அட்டையை நம்பித்தான் எங்கள் வீட்டு வைத்தியம் ஓடியது. அம்மாவின் இழுப்புக்கு டிஸ்பென்சரி வரிசையில் அரை நாள், டாக்டர் முன்னால் இரண்டு நிமிஷம். நோயைப் பார்ப்பதற்காக நோயாளியை விலக்கிவைக்கும் பார்வை என்று ஃபூக்கோ விவரிப்பதை நான் அங்கேயே பார்த்திருக்கிறேன். பிறகு யாரோ சொல்லி ஆவடியில் ஒரு ஹோமியோ மருத்துவரிடம் போனோம். "மழை வந்தா ஜாஸ்தியாகுதாம்மா? ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது? அழுகை வருதா?" ஒரு மணி நேரம் கேட்டார். அழுகை வருதா என்று அதுவரை அம்மாவை யாரும் கேட்டதில்லை, நாங்கள் உட்பட.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு கோட்பாடு உண்டு. ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் (1755-1843) 1790இல் சிங்கோனா பட்டையைத் தானே உட்கொண்டு பார்த்தார். மலேரியாக் காய்ச்சல் போன்ற குறிகள் தன்னிடம் தோன்றியதாக எழுதினார். ஆரோக்கியமானவரிடம் ஒரு பொருள் எந்தக் குறிகளை எழுப்புகிறதோ, அதே குறிகள் கொண்ட நோயாளிக்கு அதுவே மருந்து என்றார். 1810இல் அவருடைய 'ஆர்கனான்' வந்தது. ரத்தம் வடித்தும் பாதரசம் கொடுத்தும் நோயாளியை வதைத்த காலம் அது. அவர்களைச் சும்மா விட்டதே பெரிய வைத்தியமாக இருந்திருக்கும். 'அலோபதி' என்பதும் எதிர்த்தரப்புக்கு ஹானிமன் வைத்த பெயர்தான். நாம் இயல்பாகப் புழங்கும் இந்த இருமை எதிர்வு, ஒரு தரப்பு கட்டியது.

அடுத்தது, வீரியப்படுத்துதல். ஒரு பங்கு மருந்தோடு 99 பங்கு தண்ணீரோ ஆல்கஹாலோ சேர்த்துக் குலுக்குவது ஒரு படி. 30சி என்றால் இப்படி 30 படி. 12 படி தாண்டினாலே மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை எனலாம். எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலனளிப்பதாக நம்பத்தக்க சான்றில்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுக் கழகம் 2015இல் முடிவு சொன்னது.

'மாற்று' என்றாலே அதிகாரத்துக்கு எதிரானது என்று நம் நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். ஹோமியோபதிக்கு 1973லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. திருமங்கலத்தில் அரசுக் கல்லூரி, அரும்பாக்கத்தில் அரசு மருத்துவமனை, 2014 முதல் ஆயுஷ் அமைச்சகம், 2020இல் தனி ஆணையச் சட்டம். இது விளிம்பு அல்ல.

அம்மாவுக்கு மூன்று மாதம் இழுப்பு குறைந்தாற்போலத்தான் இருந்தது. ஒரு மார்கழி ராத்திரி மூச்சு அடைத்து உதடு நீலம் பாரித்தது. உருண்டையைக் கொடுத்துவிட்டு, விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அந்த மூன்று மணி நேரத்துக்கு இன்றும் என்னிடம் பதில் கிடையாது. கடைசியில் காப்பாற்றியது ஆக்ஸிஜனும் நெபுலைசரும். அவற்றைக் கொடுத்த டூட்டி டாக்டர் அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே இழுப்போ காசநோயோ சர்க்கரையோ உள்ள தோழர்கள், கொள்கைக்காக மருந்தை நிறுத்த வேண்டாம். அம்மாவை ஆசுவாசப்படுத்தியது உருண்டை அல்ல, அந்த ஒரு மணி நேரம் என்றே இப்போது நினைக்கிறேன். அந்த நேரத்தை, தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த காசில் ஓடும் டிஸ்பென்சரியில் கேட்டு வாங்க வேண்டும். நம் சங்கங்கள் இதுவரை அதைக் கோரிக்கையாக வைத்து நான் பார்த்ததில்லை.