யானையைக் காக்கிற ஊருக்கும் எமர்ஜென்சி ஃபண்ட் வேணும்!

உங்க வருமானம் ஒரே இடத்துல இருந்து மட்டும் வந்தா என்ன ஆகும்? ஆப்பிரிக்காவில் உள்ள நமீபியாவைப் பாருங்க.

1996-ல் வந்த சட்டத் திருத்தத்தால், அங்கே கிராம மக்களே 'கன்சர்வன்சி' என்ற அமைப்பு தொடங்கி, வனவிலங்குகளால் வரும் வருமானத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். சுற்றுலா விடுதிகள் தரும் பங்கும் வேட்டைக் கட்டணமும்தான் முக்கிய வரவு. ஊர்க் காவலர் சம்பளம் அதிலிருந்துதான்.

2020-ல் கொரோனா. விமானம் நின்னுச்சு, வரவும் நின்னுச்சு. ஆனா யானை வயலுக்கு வர்றது நிக்கலை. காவலரை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. அரசும் நன்கொடையாளர்களும் சேர்ந்து அவசர நிதி திரட்டித்தான் சமாளிச்சாங்க.

'வைல்ட்லைஃப் கிரெடிட்ஸ்' என்ற இன்னொரு வழியும் அங்கே இருக்கு. விலங்குகள் நடமாட்டம் உறுதியானால், சுற்றுலாப் பயணி வராவிட்டாலும் ஊருக்குப் பணம்.

நீங்க இதுமாதிரி அமைப்புக்கு நன்கொடை கொடுக்குமுன், ஆண்டறிக்கையில் ரெண்டு விஷயம் பாருங்க: வரவு எத்தனை வழியில் வருது? கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்?

உங்க வீட்டு பட்ஜெட்டுக்கும் இதே கேள்விகள்தான்!