மாணவரின் புதிய மடிக்கணினியில் வேறு இயக்க அமைப்பின் மென்பொருள்

"சார், டெவ் சி++ கோப்பை டபுள் கிளிக் பண்ணினா திறக்கவே மாட்டேங்குது. லேப்டாப் ரிப்பேரா?"

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். மடிக்கணினியில் பழுது எதுவும் இல்லை. விண்டோஸுக்காக உருவாக்கப்பட்ட மென்பொருளை மாணவர் லினக்ஸில் திறக்க முயல்கிறார், அவ்வளவுதான். 2011 செப்டம்பர் 15 அன்று நம் மாநிலத்தில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது பாஸ். எனவே ஒரே கணினியில் இரண்டு இயக்க அமைப்புகளைப் பார்ப்பது நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. ஒன்றின் மென்பொருள் மற்றொன்றில் ஏன் இயங்குவதில்லை என்பதுதான் அவர்களுக்கு விளங்காத செய்தி.

இதை நாம் விளக்காவிட்டால் மாணவர் நேரே கடைக்குப் போவார். லினக்ஸ் அழிக்கப்பட்டு, உரிமம் இல்லாத விண்டோஸ் ஏற்றப்படும். சேமித்து வைத்த செய்முறைக் கோப்புகளும் அதோடு போய்விடலாம். கள்ளப் பிரதிகளோடு வைரஸ் வருவதும் உண்டு. திருட்டு மென்பொருள் எனத் தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி-யின்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஏன் இயங்குவதில்லை?

விண்டோஸிலும் லினக்ஸிலும் செயலி அதே இன்டெல் அல்லது ஏஎம்டி செயலிதான். கூட்டல், கழித்தல் போன்ற கட்டளைகள் அதற்கு ஒன்றுதான். ஆனால் கோப்பைத் திறக்க, திரையில் சாளரம் வரைய, அச்சிட, ஒவ்வொரு மென்பொருளும் இயக்க அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்த விண்ணப்பப் படிவம் இரண்டு இடத்திலும் வேறு வேறு. கோப்பின் கட்டமைப்பும் வேறு: விண்டோஸில் இஎக்ஸ்இ, லினக்ஸில் இஎல்எஃப். ஒரு பள்ளியின் படிவத்தை நிரப்பி இன்னொரு பள்ளி அலுவலகத்தில் நீட்டினால் வாங்குவார்களா? அதே கதைதான் இங்கும்.

மூன்று வழிகள்

பள்ளிக் கட்டடத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டால் வகுப்பில் எளிதாகப் புரியும்.

முதல் வழி, இரட்டைத் தொடக்கம். ஒரே கட்டடத்தில் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என இரண்டு பள்ளிகள் நடப்பது போன்றது. கணினியைத் தொடங்கும்போதே விண்டோஸா, லினக்ஸா என்று தேர்ந்தெடுக்கிறோம். கணினியின் முழு வேகமும் தேர்ந்தெடுத்ததற்கே கிடைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கணினியை மீண்டும் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, மெய்நிகர் கணினி. கட்டடத்துக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி இன்னொரு பள்ளியை நடத்துவது போன்றது. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள் இதற்கு உதவும். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குவதால் நினைவகம் பங்கு பிரிக்கப்படும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினி திணறும்; 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம். பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே விண்டோஸை நிறுவினால் அதற்கும் தனி உரிமம் தேவை.

மூன்றாவது, வைன். 1993-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் 1.0 பதிப்பு 2008-இல் வெளியானது. இதில் விண்டோஸே கிடையாது. விண்டோஸ் மென்பொருள் தரும் விண்ணப்பத்தை உடனுக்குடன் லினக்ஸ் படிவத்துக்கு மாற்றி எழுதிக் கொடுக்கும் எழுத்தர் என்று சொல்லலாம். நினைவகச் சுமை குறைவு. விண்டோஸ் உரிமமும் தேவையில்லை. ஆனால் எல்லா மென்பொருளும் இதில் இயங்கிவிடாது. எது எவ்வளவு நன்றாக இயங்கும் என்பதை வைன் திட்டத்தின் இணையதளத்தில் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், குப்பை எனத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். பழைய மென்பொருள்களில் பல 32 பிட் வகை. அவற்றை இயக்க வைனின் 32 பிட் தொகுப்பையும் சேர்த்து நிறுவ வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை: வைனில் இயங்கும் நிரலால் மாணவரின் சொந்தக் கோப்புகளையும் தொட முடியும். லினக்ஸில் வைரஸ் வராது என்ற நம்பிக்கையில், பென் டிரைவில் வந்த இஎக்ஸ்இ கோப்பையெல்லாம் இயக்கக் கூடாது. நிர்வாகி அனுமதியுடன் வைனை இயக்கவே கூடாது.

அதற்கு முன் ஒரு கேள்வி

இந்த மூன்றில் எதையும் தொடுமுன் மாணவரிடம் கேட்க வேண்டியது: "உனக்கு வேண்டியது அந்த மென்பொருளா, அது செய்யும் வேலையா?"

டெவ் சி++ஐயே பார்ப்போம். அது விண்டோஸுக்கானது. ஆனால் அதற்குள் இருந்து நிரலைத் தொகுப்பது ஜிசிசி தொகுப்பானின் விண்டோஸ் வடிவம். அதே ஜிசிசி லினக்ஸில் இயல்பாகவே கிடைக்கிறது. ஜீனி அல்லது கோட் பிளாக்ஸை நிறுவினால், பாடநூலில் உள்ள நிரல்களைத் தட்டச்சு செய்து இயக்கிப் பார்க்கலாம். கோனியோ தலைப்புக் கோப்பு, திரையை நிறுத்தி வைக்கும் 'பாஸ்' கட்டளை போன்ற விண்டோஸுக்கே உரியவை மட்டும் இயங்காது. அவற்றை நீக்கிவிட்டால் போதும். தேர்வில் மதிப்பெண் தருவது சி++ அறிவுக்குத்தான், டெவ் சி++ பொத்தான்களுக்கு அல்ல.

மற்ற பாடங்களுக்கும் இது பொருந்தும். ஜியோஜீப்ரா, ஸ்டெல்லேரியம், லிப்ரே ஆபிஸ், பைத்தான் ஆகியவை இரண்டு இயக்க அமைப்பிலும் இயங்கும். ஸ்கிராட்சை உலாவியிலேயே பயன்படுத்தலாம். தமிழாசிரியர்கள் கவலைப்பட வேண்டாம்: ஐபஸ் வசதியில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் கிடைக்கும். வினாத்தாளை ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து உடையாது.

விண்டோஸ் மட்டுமே உள்ள கணினியில் லினக்ஸ் பழக விரும்பும் மாணவருக்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி உள்ளது. அதை இயக்கி, உபுண்டுவைச் சேர்த்துக் கொண்டால் லினக்ஸ் கட்டளைகளை அங்கேயே பயிற்சி செய்யலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, தாங்கள் பயன்படுத்தும் ஐந்து மென்பொருள்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள்: என்ன வேலைக்கு? லினக்ஸ் பதிப்பு உண்டா? உலாவியில் கிடைக்குமா? அதே வேலையைச் செய்யும் கட்டற்ற மென்பொருள் உண்டா? நான்கு கேள்விகளுக்குப் பின்னும் மீதமிருப்பதற்கு மட்டும் வைனை முயலட்டும். அதுவும் இயலாவிட்டால் மெய்நிகர் கணினி அல்லது இரட்டைத் தொடக்கம். புதிய இயக்க அமைப்பை நிறுவுவதாக இருந்தால், முதலில் கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுக்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளையில் இதை முடித்துவிடலாம். பட்டியலில் கடைசிவரை எத்தனை மென்பொருள் மீதமிருக்கிறது என்று மாணவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.