கையெழுத்தாகாத பட்டியல்

கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலைகளில், வாட்டிய கொழுந்தை ரோலர் இயந்திரத்தில் போட்டு உருட்டுவதை நாம் அறிவோம். அந்த இயந்திரத்தைச் செய்யும் பட்டறையில் முதலில் பிறப்பது இரும்பல்ல, ஒரு பட்டியல். எந்தப் பாகம், என்ன அளவு, எத்தனை என்று திருகாணி வரை அதில் எழுதியிருக்கும். ஆலைகளில் இதனை 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்பார்கள். நாம் பாகப் பட்டியல் என்போம். ஈப்போவிலும் பினாங்கிலும் ஆலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதனைக் கணினியில் காண்பார்கள்.

ஒரே ரோலரைப் பல நாடுகளுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மலேசியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. தேயிலை விளையும் தைவானிலோ 60. இங்கே நிமிடத்துக்கு ஏறக்குறைய 1500 சுற்றுச் சுற்றும் மோட்டார், அங்கே ஏறக்குறைய 1800 சுற்றுச் சுற்றும். ரோலரின் வேகம் கூடினால் கொழுந்து சூடேறி மணம் கெடலாம். ஆகவே தைவானுக்கு மோட்டாரோடு, பெல்ட் ஓடும் புல்லியையும் மாற்ற வேண்டும். இரு நாட்டுப் பாகங்களையும் ஒரே பெரும் பட்டியலில் எழுதி, எது எந்த நாட்டுக்கு என்று குறித்து வைப்பார்கள். ஆர்டர் வந்ததும், அந்த நாட்டுக்கு உரிய வரிகளைக் கணினி பொறுக்கித் தரும்.

இங்கேதான் கவனம் வேண்டும். கிராணி பென்சிலில் குறித்த கணக்கும், சரிபார்த்துக் கையெழுத்தான கணக்கும் ஒன்றல்ல அல்லவா? பாகங்களுக்கும் அப்படியே. முதலில் தயாரிப்பு நிலை, அடுத்துப் பரிசீலனை நிலை, கடைசியில் ஒப்புதலோடு வெளியீடு. வெளியிட்டதைத் திருத்த வேண்டுமானால், புதிய திருத்த எண்ணோடு மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும்.

தைவான் புல்லி இன்னும் தயாரிப்பு நிலையில் இருக்கும்போதே ஆர்டர் வந்துவிட்டால் என்ன செய்வது? வெளியிட்ட பாகங்களை மட்டும் காட்டு என்றால், புல்லி வரி மறைந்துவிடும். பட்டியல் முழுமை போலத் தோன்றும். புல்லி இல்லாத இயந்திரம் பெட்டியில் ஏறும். புதியது எதுவானாலும் காட்டு என்றால், முடிவாகாத அளவில் இரும்பைக் கடைவார்கள். மறுநாள் அளவு மாறினால் அத்தனையும் பழைய இரும்பு.

ஆகவே வடிவமைப்போருக்கு நடப்புப் பட்டியலும், பட்டறைக்கு வெளியிட்ட பட்டியலும் தனித்தனியே தெரிய வேண்டும். பொறுக்கி எடுத்த பட்டியலில் ஒரு வரி வெளியிடப்படாமல் இருந்தாலும், கணினி அதனை மறைக்காமல் சுட்டிக்காட்டி, அந்த ஆர்டரை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்காக மலேசிய ஆர்டரைத் தடுக்கத் தேவையில்லை. அதன் வரிகள் யாவும் கையெழுத்தானவையே. வந்து சேர நாளாகும் மோட்டாரை, அதன் வரி வெளியாகியிருந்தால், பொறுப்பாளர் ஒப்புதலோடு முன்னதாகவே வாங்கி வைக்கலாம்.

இது பெரிய ஆலைகளையும் சோதித்த விஷயம். ஏர்பஸ் ஏ380 விமானத்தை ஜெர்மனியின் ஹம்பர்க்கிலும் பிரான்சின் துலூஸிலும் உருவாக்கினார்கள். ஓரிடத்தில் வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பு, மற்றோரிடத்தில் புதிய பதிப்பு. இணைக்கும் வேளையில் மின்கம்பிகள் பொருந்தவில்லை. ஒரு விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் கம்பி! 2006-இல் வரவேண்டிய முதல் விமானம், 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் வந்து சேர்ந்தது.

பட்டறையில் அவசரம் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பாகம் வீணானால், பழி பெரும்பாலும் கடைந்தவர் தலையில்தான் விழும். ஆகவே பெற்றோர்களே, வேலைக்குப் புறப்படும் பிள்ளையிடம் இதனைச் சொல்லி அனுப்புங்கள்: இயந்திரத்தை ஓட்டுமுன் தாளின் மூலையைப் பார். திருத்த எண் என்ன, வெளியிட்டதா இல்லையா என்று படி. கையெழுத்து இல்லையென்றால் மரியாதையாகக் கேள். அப்படிக் கேட்பது வேலையில் சுணக்கமல்ல, அதுவும் வேலையே.