நான்கில் ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் சாகிறது?

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு இருட்டோடு மீன் ஏற்ற வரும் பேட்டரி லோடு வண்டிக்கு நல்ல வெளிச்சம் ஆடம்பரமல்ல. கூடுதல் விளக்கு மாட்டலாம். மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

லெட்-ஆசிட் வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு வரிசையாக இணைந்து 48 வோல்ட் தரும். விளக்குக்கு 12 போதுமே என்று ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பது பழைய குறுக்குவழி. அந்த ஒன்று மட்டும் கூடுதலாகக் காலியாகும். சார்ஜரோ நான்கையும் ஒன்றாகவே பார்க்கிறது. மற்ற மூன்றும் நிரம்பிவிட, இது அரைவயிற்றோடு நிற்கும். நாளடைவில் சல்பேட் படிந்து சாகும். ஒன்று படுத்தால் வண்டியே படுத்த மாதிரிதான். அதனால்தான் 48-ஐ 12 ஆக இறக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர். அது நான்கிலிருந்தும் சமமாக எடுக்கும்.

55 வாட் ஹாலஜன் இரண்டு எரிந்தால் சுமார் 9 ஆம்பியர். மெல்லிய ஒயரில் 10 சதவீத வோல்டேஜ் தொலைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்! எல்இடிக்கு இவ்வளவு மின்சாரம் வேண்டாம். ஆனால் ஹாலஜன் கிண்ணத்துக்குள் எல்இடி பல்பைத் திணித்தால் ஒளிப்புள்ளி இடம் மாறி எதிரே வருபவரின் கண் கூசும். முழு விளக்கையும் மாற்றுவதே சரி.

இந்த ஊரில் பெரிய எதிரி உப்பு. ஐஸ் உருகிய மீன்தண்ணீர் கனெக்டருக்குள் புகுந்தால் தாமிரம் பச்சை பூக்கும், தடை கூடும், இணைப்பு சூடாகும். வெள்ளீயம் பூசிய ஒயரும் நீர்புகாக் கனெக்டரும் வாங்குங்கள். ஃபியூஸ், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில்.